திருப்பி அனுப்புங்கள், கிழித்துப் போடாதீர்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மாடி ஆபீஸ். திங்கட்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கம்பெனி முதலாளி பாய் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, எதுவும் பேசாமல் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். உள்ளே பெண்கள் போடும் ஷூ ஒரு ஜோடி. மேல்தோல் கறுப்பு, சோலும் கறுப்பு. தையல் சுத்தமாக இருந்தது, பசை எங்கேயும் வெளியே தெரியவில்லை, எனக்குத் தெரிந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சோல் பிரவுன்ல வந்திருக்கணும் தம்பி" என்றார். "மாத்தச் சொல்லி ஜெர்மனி ஏஜென்ட் மெயில் போட்டிருக்கான். நமக்கு வரல. இப்ப 2,400 ஜோடி கறுப்புல நிக்குது."

எனக்கு சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ், நெட்வொர்க் கேபிள் இழுப்பது, அப்புறம் கம்பெனிகளின் மெயிலைப் பார்த்துக்கொள்வது. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று டேனரியும் ஷூ கம்பெனியுமாகப் பதினைந்து இருபது பேர் என்னிடம் இருக்கிறார்கள். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு இந்த ஊர்கள் மூன்று மாவட்டத்தில் கிடக்கின்றன, ஆனால் தோல் தொழிலுக்கு இது இன்னும் ஒரே வட ஆற்காடுதான். இந்தத் தொழிலில் பேச்சுவார்த்தை பூராவும் மெயிலில்தான் நடக்கும். சாம்பிள் ஓகே ஆனது, நிறம் மாறியது, சைஸ் வாரியாக எத்தனை ஜோடி, கப்பல் எந்தத் தேதி, எல்லாமே. போனில் பேசினாலும் "மெயில்ல போட்டுடுங்க" என்றுதான் முடிப்பார்கள், ஏனென்றால் நாளைக்குத் தகராறு வந்தால் எடுத்துக் காட்ட எழுத்து வேண்டும்.

அன்றைக்கு அந்த எழுத்து எங்கள் பக்கம் இல்லை, அவர்கள் பக்கம் இருந்தது. ஜெர்மனியில் இருந்த ஏஜென்ட் தன் சர்வரின் பதிவேட்டையே எடுத்து அனுப்பிவிட்டார். பதினேழு நாளைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, மெயில் புறப்பட்டிருக்கிறது. ஆம்பூர் கம்பெனிக்கு இன்டர்நெட் இணைப்போடு மெயில் பெட்டியும் சேர்த்துக் கொடுத்திருந்த நிறுவனத்தின் சர்வர் அதை வாங்கிக்கொண்டு, "250 ஓகே" என்று பதிலும் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த மெயில் எங்கேயும் இல்லை. ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் இன்பாக்ஸில் இல்லை, ஸ்பேம் பெட்டியில் இல்லை, குப்பைத்தொட்டியிலும் இல்லை.

அந்த நிறுவனத்துக்கு நான்கு நாள் விடாமல் போன் போட்டேன். ஐந்தாவது ஆள்தான் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர். "அது ஃபில்டர்ல போயிருக்கும் சார்" என்றார். போயிருக்கும் என்றால் எங்கே? குப்பை மெயிலா என்று பார்த்து ஃபில்டர் போடும் மதிப்பெண் ஒரு அளவுக்கு மேல் போனால் சர்வரே அழித்துவிடுமாம். அனுப்பியவருக்கும் சொல்லாது, பெற வேண்டியவருக்கும் சொல்லாது. "வாடிக்கையாளர் நலனுக்காகத்தான் சார்" என்று அவர் சொன்னபோது குரலில் எந்தப் பொய்யும் இல்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

சோலைப் பிரித்து மாற்றி, மாற்ற முடியாததைப் புதிதாகச் செய்து, கப்பலைத் தவறவிட்டு, கடைசியில் சரக்கு விமானத்தில் போனது, பாயின் செலவில். இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் "ஏர்ல அனுப்பினோம்" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். ஸ்பேமைத் தடுக்காதே என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். தடுப்பதை வாய் திறந்து தடு என்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள, ஒரு மெயில் கைமாறும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் போய் முதலில் வணக்கம் சொல்லும். அப்புறம் யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்லும். அப்புறம் கடிதத்தைப் படித்துக் காட்டும். இந்த உரையாடல் 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வைத்த விதிமுறையிலிருந்து இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. ஒவ்வொரு படியிலும் வாங்குகிற சர்வர் ஒரு எண்ணைச் சொல்லிப் பதில் தரும். 2-இல் தொடங்கினால் சரி. 4-இல் தொடங்கினால் இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா. 5-இல் தொடங்கினால் முடியாது, போ. கடிதம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கடைசியில் 250 என்று சொன்னால் "வாங்கிக்கொண்டேன், இனிமேல் இது என் பொறுப்பு" என்று அர்த்தம். அந்த நிமிஷமே அனுப்பிய சர்வர் தன் பிரதியை அழித்துவிடலாம். 2008 அக்டோபரில் திருத்தி வெளியிட்ட அந்த விதிமுறையின் புது வடிவமான ஆர்எஃப்சி 5321 இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஏற்றுக்கொண்டால் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது, அற்பக் காரணத்துக்காகத் தொலைக்கக் கூடாது. சத்தமில்லாமல் தூக்கிப்போடுவதை, அது மோசடிதான் என்பதில் மிக உறுதியாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஆக, 250 என்று சொல்லிவிட்டு அழிப்பது பொய் சொல்வது. எனக்கு இதைவிட மென்மையான வார்த்தை கிடைக்கவில்லை. தபால்காரர்கூடக் கதவு பூட்டியிருந்தால் உறையின்மேல் பேனாவால் எழுதித் திருப்பி அனுப்புகிறார். முகவரி தப்பு, ஆள் வீடு மாறிவிட்டார், வாங்க மறுத்தார் என்று ஏதோ ஒரு காரணம். அந்தக் காரணத்தோடு கடிதம் திரும்பி வரும்போது அனுப்பியவர் வேறு வழி தேடுவார். அந்த ஜெர்மன் ஏஜென்டுக்கு 550 என்று ஒரு பதில் போயிருந்தால் அடுத்த ஐந்து நிமிஷத்தில் பாய்க்கு போன் வந்திருக்கும்.

இனி எதிர்த்தரப்பு. என்னோடு படித்த ஒருவன் சென்னையில் ஒரு இன்டர்நெட் நிறுவனத்தில் மெயில் பிரிவில் இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை காட்பாடி ஸ்டேஷனில் விடுவது என் வேலை. ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு இந்தச் சண்டையை எத்தனை தடவை போட்டிருப்போம் என்று எனக்கே கணக்கில்லை.

"நீ ஒரு மெயில் காணாமப் போனதைப் பார்த்த மச்சான். நான் காணாமப் போக வேண்டிய லட்சத்தைப் பார்க்கிறேன்" என்பான். அவன் சர்வரின் வாசல் கேட்டுக்கு வரும் பத்து மெயிலில் எட்டு ஒன்பது குப்பையாக இருந்த வருஷங்களில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். ஒரே இடத்தைப் பிடித்து அடைத்தால் எவ்வளவு குறையும் என்பதற்கு 2008 நவம்பர் 11-ஐ உதாரணம் காட்டுவான். கலிஃபோர்னியாவில் மெக்கோலோ என்ற சர்வர் வாடகை நிறுவனத்துக்கு மேலே இருந்து இணைப்புக் கொடுத்தவர்கள் அன்றைக்கு அதைத் துண்டித்தார்கள். உலகம் பூராவும் ஸ்பேம் பாதிக்கு மேல் சட்டென்று குறைந்தது. வைரஸ் பிடித்த லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குக் கட்டளை போடும் இயந்திரங்கள் அந்த ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. "தடுக்கிறவன் இல்லைன்னா நீ இன்பாக்ஸைத் திறக்கவே முடியாது" என்பான். உண்மைதான், மறுக்கமாட்டேன்.

"சரி, ஏன் மறுத்துட்டேன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வான். ஒன்று, சொன்னால் ஸ்பேம் அனுப்புகிறவன் கற்றுக்கொள்வான். இரண்டு, திருப்பி அனுப்பினால் அது போலி முகவரிக்குத்தான் போகும், சம்பந்தமே இல்லாத எவனோ ஒருவன் தலையில் பத்தாயிரம் "உங்கள் மெயில் போய்ச் சேரவில்லை" விழும்.

இரண்டாவது காரணம் நியாயமானது, ஆனால் அது வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்புகிற முறைக்குத்தான் பொருந்தும். கேட்டிலேயே, அந்த உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே, 550 என்று சொல்லிவிட்டால் நீங்கள் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. எதிரே நிற்கிற சர்வரிடம் "முடியாது" என்கிறீர்கள், அவ்வளவுதான். எதிரே நிற்பது நேர்மையான சர்வர் என்றால் அது தன் ஆளுக்குத் தகவல் சொல்லும். வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர் என்றால் யாருக்கும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அப்பாவி தலையில் எதுவும் விழாது. முதல் காரணத்துக்கு என் பதில், உங்கள் ஃபில்டரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் அவனே உங்களிடம் ஒரு கணக்கு தொடங்கி, தனக்குத்தானே அனுப்பி, வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொள்வான். உங்கள் மௌனத்தால் அவனுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. நஷ்டம் சோல் நிறத்தை மாற்றச் சொல்லி எழுதியவருக்குத்தான்.

கடிதம் முழுவதையும் படித்து மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை எதிராளியை நிறுத்தி வைப்பதற்கு இயந்திர பலம் வேண்டும், அது செலவு என்பான். அங்கேதான் எங்கள் வாதம் வழக்கமாக முட்டிக்கொண்டு நிற்கும். ரயில் வந்துவிடும்.

அந்த மெயில் ஏன் மாட்டியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது நாளைக்கும் நடக்கும். ஏஜென்ட் மறுபடி அனுப்பிய பிரதியை ஒரு பரிசோதனை ஃபில்டரில் போட்டுப் பார்த்தேன். தலைப்பில் "அர்ஜென்ட்" என்று இருந்தது. உள்ளே போட்டோக்கள் ஒரு ஜிப் ஃபைலில். இன்னொரு மாடலைப் பற்றி எழுதும்போது "நியூட்" என்ற சொல் நான்கு இடத்தில். ஷூ தொழிலில் அது ஒரு நிறத்தின் பெயர், வெளிர் சந்தனத்துக்குப் பக்கத்தில் வரும். மேலே கெட்டியாகப் பெயின்ட் பூசாத தோலுக்கு "நேக்கட் லெதர்" என்று பெயர். ஆட்டுத்தோல் "ஸ்கின்", மாட்டுத்தோல் "ஹைடு". இன்வாய்ஸ் மெயில் என்றால் வங்கிக் கணக்கு எண், "உடனே பணம் அனுப்பவும்", டாலர், யூரோ. ஒரு நேர்மையான தோல் வியாபாரி ஒரு நாளில் எழுதும் மெயில்களைக் கலந்து வைத்தால், ஆபாச விளம்பரத்துக்கும் பண மோசடிக்கும் சேர்த்து எழுதிய மாதிரி இருக்கும் ஃபில்டரின் கண்ணுக்கு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நானும் அந்த அக்காவும் உட்கார்ந்து ஸ்பேம் பெட்டியை ஒரு மாதத்துக்குப் பின்னோக்கிப் பார்த்தோம். லாட்டரி, மருந்து, லாட்டரி, கடன், நடுவில் "டேனிங் கெமிக்கல் ஸ்டாக் தீர்ந்துவிட்டது" என்று ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு வரி, மறுபடி மருந்து, அப்புறம் சென்னை துறைமுகத்தில் சரக்கைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்டின் பில். அந்த பில்லுக்காக அக்கா அவரோடு போனில் சண்டை போட்டிருக்கிறார். "அனுப்பலைன்னு திட்டிட்டேனே சார்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொற்களைக் கணக்குப் போட்டுப் பிரிக்கும் முறையில் தப்பில்லை. 2002 ஆகஸ்டில் புரோகிராமர் பால் கிரஹாம் அதைப் பற்றி எழுதியபோது, ஒவ்வொருவரின் ஃபில்டரும் அவரவருக்கு வந்த மெயிலிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்றார், அதுதான் அந்த யோசனையின் பலம். ஒரு சொல் எனக்குக் குப்பை, உங்களுக்குச் சோறு. ஆம்பூர் அக்காவின் பெட்டியில் வளர்ந்த ஃபில்டர் "நியூட்" என்ற சொல்லை நல்ல சொல் என்றே கற்றுக்கொண்டிருக்கும். நிறுவனங்கள் அதை எடுத்து லட்சம் வாடிக்கையாளருக்கும் பொதுவாக ஒரே தராசு வைத்தார்கள். பெரும்பான்மைக்கு அது சரியாகத்தான் எடை போடும். வித்தியாசமான தொழில் செய்கிறவன்தான் மாட்டுவான்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது மொத்தமாகத் தடுப்பதில். 2009 வாக்கில் வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு நான் சர்வீஸ் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளிக் குடும்பங்கள்தான் அங்கே பாதிக்கு மேல். ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து கொல்கத்தாவில் இருக்கும் அண்ணனுக்கோ குடும்ப டாக்டருக்கோ அனுப்புவார்கள். எட்டு கம்ப்யூட்டரில் ஒன்றில் வைரஸ் புகுந்து ராத்திரி பூராவும் மெயில் கக்கியது. மறுநாள் அந்த ஐபி முகவரி, அதாவது இன்டர்நெட்டில் அந்த இணைப்பின் அடையாள எண், ஸ்பேம் அனுப்புகிறவர்களின் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் அங்கிருந்து மெயில் புரோகிராம் வழியாக அனுப்பிய ரிப்போர்ட் ஒன்றும் போய்ச் சேரவில்லை. நான் அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சுத்தம் செய்து, மோடத்தை அணைத்துப் போட்டேன், புது ஐபி கிடைத்தது. பழைய ஐபி என்னவாயிற்று? அது அடுத்தவருக்குப் போயிருக்கும். காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு மனிதர், தன் மெயில் ஏன் போகவில்லை என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

பட்டியல்கள் தப்பு என்று சொல்லவில்லை. 1997-இல் பால் விக்ஸி தொடங்கிய பட்டியலும், 1998-இல் வந்த ஸ்பேம்ஹவுஸும் இல்லாமல் போயிருந்தால் மெயில் என்ற சாதனமே அப்போதே செத்திருக்கும். ஆனால் பட்டியல் போடுபவர் யாருடைய மெயிலையும் தடுப்பதில்லை. அதைப் பார்த்துத் தடுப்பது இன்டர்நெட் நிறுவனம். கேட்டால் நிறுவனம் பட்டியலைக் கைகாட்டும், பட்டியல் நிறுவனத்தைக் கைகாட்டும். நடுவில் நிற்பவன் எங்கே போவான்? 2004 டிசம்பரில் அமெரிக்காவின் வெரிஸான் ஸ்பேமைத் தடுப்பதற்காக ஐரோப்பாவின் பெரிய பெரிய முகவரித் தொகுதிகளையே அடைத்துவிட்டது. அங்கிருந்து வந்த நல்ல மெயிலும் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வழக்காகி 2006-இல் சமரசத்துக்கு வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தத் தப்பு நடந்திருக்கிறது என்றால், ஒரு தொகுதியையே மொத்தமாக இழுத்து மூடுவது எவ்வளவு சுலபமான ஆசை என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. பாலாற்றில் டேனரிக் கழிவு கலந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இங்கே நடுத்தர வயதுக்காரர்கள் எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நிற்பதற்கு நம்ம ஊர் வழக்குதான் ஒரு முக்கியக் காரணம். அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களில் எல்லா டேனரிக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், நவம்பர் 30-க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ சொந்தத்திலோ கழிவைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும். கடுமையான தீர்ப்பு. ஒழுங்காக நடத்தியவரும் அபராதம் கட்டினார். ஆனாலும் என்ன குற்றம், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு முதலாளிக்கும் தெரிந்திருந்தது. எதிர்த்து முறையிட இடம் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வந்து கேட்டைப் பூட்டிவிட்டு, "பூட்டவே இல்லையே" என்று சொல்லவில்லை.

அந்தத் தீர்ப்பின் இன்னொரு பாதியும் எனக்கு முக்கியம். கழிவை வெளியேறும் வாயிலில் பிடி, ஆற்றில் கலந்த பிறகு கீழே இருக்கிறவன் வடிகட்டிக் குடிக்கட்டும் என்று விடாதே. மெயிலுக்கும் அதேதான். நண்பனும் நானும் முழுசாக ஒத்துப்போகிற இடம் இது. வீட்டு இணைப்பிலிருந்தும் பிரவுசிங் சென்டரிலிருந்தும் நேரடியாக உலகத்துக்கு மெயில் கக்க விடாமல் சர்வர்கள் மெயில் கொடுத்து வாங்கும் வாசலான போர்ட் 25-ஐ அடைத்துவிட்டு, கடவுச்சொல் கேட்கும் 587 என்ற வாசல் வழியாக மட்டும் தன் சர்வருக்கு அனுப்ப விடுவது. பல நிறுவனங்கள் செய்தார்கள், நல்ல காரியம். வெளியே போவதைத் தடுக்கும்போது நிறுவனத்துக்குத் தன் வாடிக்கையாளர் யார் என்று தெரியும், பில் அனுப்பும் முகவரி தெரியும், போன் நம்பர் தெரியும். "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு" என்று ஒரு போன் போட முடியும். அந்த பிரவுசிங் சென்டர்காரருக்கு அப்படி ஒரு போன் வரவில்லை. இரண்டு நாள் இணைப்பை அறுத்துப் போட்டார்கள், காரணத்தை நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் என்னுடைய இன்னொரு வாடிக்கையாளர், தடுக்க வேண்டிய மெயிலைத் தடுக்காததால் அடிபட்டார். அவரிடம் சரக்கு வாங்குபவருக்கு, அவர் பெயரிலேயே ஒரு மெயில் போயிருக்கிறது, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும்" என்று. கம்பெனியின் பெயரில் வரும் ஆங்கில எம் எழுத்துக்குப் பதிலாக ஆர், என் இரண்டையும் பக்கத்தில் ஒட்டிப் போட்ட ஒரு போலி டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்). சட்டென்று பார்த்தால் எனக்கே தெரியவில்லை, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரு கன்டெய்னர் சரக்குக்கான பணம் எங்கேயோ போய்விட்டது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று இருக்கிற எல்லாப் பரிசோதனையிலும் அந்த மெயில் பாஸ். ஏனென்றால் இந்த மூன்றும் கேட்பது "இந்த டொமைன்காரர்தான் அனுப்பினாரா" என்ற ஒரே கேள்வியைத்தான். திருடன் தன் சொந்த டொமைனிலிருந்து திருடினால் அவை என்ன செய்யும்? ஆகவே ஃபில்டரே வேண்டாம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மெயிலின் தலைமேல் சிவப்பாக "இவரிடமிருந்து உங்களுக்கு மெயில் வருவது இதுதான் முதல் தடவை" என்று ஒரு வரி வந்திருந்தால் அந்தப் பணம் பிழைத்திருக்கலாம். சந்தேகம் வந்தால் எச்சரிக்கை ஒட்டிக் கொடுங்கள், ஸ்பேம் பெட்டியில் போடுங்கள், அப்படிப் போட்டிருக்கிறது என்று நாளுக்கு ஒரு தடவை சொல்லுங்கள். உறுதியாகக் குப்பை என்றால் கேட்டிலேயே மறுத்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மௌனமாக விழுங்குவதற்கு ஒரு இடமே தேவையில்லை.

இதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு 2024 பிப்ரவரியைச் சொல்வேன். கூகுளும் யாகூவும் அனுப்புகிறவர்களுக்குப் புது விதி கொண்டுவந்தார்கள். நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. சின்ன ஆட்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும், ஐபிக்குப் பெயர்ப்பதிவும் சரியாக இருக்க வேண்டும். அந்த மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. ஒவ்வொரு கம்பெனியின் டொமைன் கடவுச்சொல்லையும் தேடி எடுப்பதே பெரிய பாடு. பேரணாம்பட்டில் ஒருவருக்கு டொமைன் வாங்கிக் கொடுத்த பையன் துபாய் போய்விட்டான், அவனைப் பிடிக்க ஒரு வாரம். லைன் கொடுத்த நிறுவனத்திடம் ஐபிக்குப் பெயர் பதிவு போடச் சொல்லி மூன்று வாரம் அலைந்தேன். ஆனால் இந்த விதியை 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். நான்கு மாதம் அவகாசம். தவறினால் என்ன குறை என்று எண்ணோடு பதில் வந்தது, அந்த எண்ணை வைத்துத் தேடினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. கஷ்டப்பட்டேன், ஆனால் இருட்டில் கஷ்டப்படவில்லை. நண்பனிடம் சொன்னபோது, "அவங்ககிட்ட ஆள் இருக்கு, பணம் இருக்குடா" என்றான். 550-க்குப் பின்னால் ஒரு வரி எழுதி வைக்க எவ்வளவு பணம் ஆகும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ரயிலும் இன்னும் வரவில்லை.

அப்புறம், ஒரு மனிதரின் முகவரி. மெயில் வாங்கும் ஒவ்வொரு டொமைனிலும் போஸ்ட்மாஸ்டர் என்ற பெட்டி இருந்தே தீர வேண்டும் என்பது விதி. அதற்கு எழுதினால் ஒரு ஆள் படிக்க வேண்டும். நான் எழுதிய பல இடங்களில் அந்தப் பெட்டியே இல்லை, சில இடங்களில் அதற்கு முன்னாலும் அதே ஃபில்டர் நின்றது. தடுக்கப்பட்டவன் "என்னை ஏன் தடுத்தாய்" என்று கேட்க அனுப்பும் மெயிலையும் தடுத்தால் அவன் எங்கேதான் போய்ச் சொல்வான்? இதற்கு ஒரு தொழில்நுட்பமும் வேண்டாம். ஒரு ஆளை நியமித்து, காலையில் ஒரு மணி நேரம் அதைப் படி என்று சொன்னால் போதும்.

பாய் கம்பெனியின் மெயிலை அப்போதே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். இப்போது சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது, ஃபில்டரும் என் பொறுப்பில்தான். கேட்டில் மறுக்கும் ஒவ்வொரு மெயிலுக்கும் 550-ஓடு என் கடை போன் நம்பரும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் சேர்த்துப் போகும்படி வைத்திருக்கிறேன். ஸ்பேம்காரன் எவனும் இதுவரை போன் செய்ததில்லை. இத்தாலியிலிருந்து ஒரு அம்மா ஒருமுறை செய்தார், அவருடைய சர்வர் பட்டியலில் ஏறியிருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது, வாரத்தின் மறுப்புப் பட்டியலை அச்சு எடுத்து வரி வரியாகப் படிப்பேன். நேற்று நூற்றுக்கு மேல் இருந்தது. எல்லாம் குப்பைதான், ஒன்றைத் தவிர. வாணியம்பாடியில் லைனிங் தோல் கொடுக்கும் ஒரு சின்ன வியாபாரி, புதிதாக ஒரு டொமைன் வாங்கி, எஸ்பிஎஃப், டிகிம் எந்தப் பதிவும் போடாமல் பாய்க்கு விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார், மூன்று தடவை. மூன்று தடவையும் திரும்பிப் போயிருக்கிறது. ஆங்கில வரியைப் படித்துப் போன் செய்ய அவருக்குத் தயக்கமாக இருந்திருக்கலாம். டொமைன் பக்கத்தில் நம்பர் இருந்தது, நானே கூப்பிட்டேன்.

"உங்க மெயில் வரல பாய், தப்பு எங்கேன்னு சொல்றேன், பேப்பர் பேனா எடுத்துக்கோங்க" என்றேன். தறி ஓடுவது மாதிரி பின்னால் ஏதோ மெஷின் சத்தம். "இருங்க தம்பி, நிறுத்திட்டு வர்றேன்" என்றார்.